முதல் நாள் காபி: புது மேனேஜரும் ரசிகர்களும் (வாசகர் கேள்வி - பதில்)

இரண்டு இதழுக்கு முன்னால் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: புது ஃபுட்பால் மேனேஜர் வந்த அன்றைக்கு ரசிகர் பார்ப்பது வந்தவரை இல்லை, போனவரை. அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டுகளை நானே வைத்துக்கொள்கிறேன். கேள்விகளை இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

● அண்ணா, நான் ஸ்கூல் படிக்கும்போதிருந்து லிவர்பூல் ரசிகன். எங்கள் மேனேஜர் யுர்கன் க்ளாப் போகிறேன் என்று சொன்ன அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்புறம் ஆர்னே ஸ்லாட் வந்தார், முதல் பேட்டி பார்த்தேன், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் பாலிசி விளக்குகிற மாதிரி இருந்தது, 'போச்சு' என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். பத்து மாதத்தில் இங்கிலீஷ் லீக்கை ஜெயித்துவிட்டார். எனக்கு ஆளை எடைபோடத் தெரியாதா?
- கல்லூரி மாணவர், திண்டுக்கல்

தம்பி, தெரியாதவர்கள் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். 2024 கோடையில் நானும் அதையேதான் சொன்னேன், அதுவும் உங்களை மாதிரி நண்பர்களிடம் இல்லை, வீட்டில் ஃபுட்பாலே பிடிக்காத ஆட்களிடம். ஒன்பது வருஷம் நெஞ்சில் குத்திக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை உருட்டி, ஜெயித்ததும் ஸ்டாண்டைப் பார்த்து மூன்று முறை கையை ஓங்குகிற ஒரு மனிதரைப் பார்த்துப் பழகிவிட்டோம். அதற்கப்புறம் வந்தவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். 'இது அவர் இல்லையே' என்பதுதான் நமக்கு வந்த எண்ணம். அதை ஸ்லாட்டைப் பற்றிய கருத்து என்று நாமாகவே நினைத்துக்கொண்டோம்.

இத்தனைக்கும் இந்த மாற்றம் மாதிரி சுமுகமான ஒன்று ஃபுட்பாலில் அபூர்வம். 2024 மே மாதம் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் விடைபெறும்போது க்ளாப்பே மைக்கைப் பிடித்து அடுத்தவர் பெயரில் பாட்டுப் பாடி, மொத்த மைதானத்தையும் பாடவைத்துவிட்டுப் போனார். மாமியாரே மருமகளுக்கு ஆரத்தி எடுத்த மாதிரி. அப்படியும் நமக்கு மனசு ஆறவில்லை. ஆகஸ்டில், க்ளப் வாங்க நினைத்த நடுக்கள ஆட்டக்காரர் சுபிமெண்டி வரமாட்டேன் என்று சொன்னதும் எல்லாருக்கும் வயிறு கலங்கியது. நடுக்களத்தின் பின்பகுதிக்கு ஆளே வாங்கவில்லையே என்று நாம் புலம்பிக்கொண்டிருக்க, அவர் ஏற்கனவே அங்கே இருந்த கிராவன்பெர்கை அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தால், பேட்டியைவிட முதல் மேட்ச்சில் அதிகம் தெரிந்திருக்கும். 17 ஆகஸ்ட் 2024, இப்ஸ்விச் அணியோடு. இடைவேளை வரை 0-0. இடைவேளையில் தடுப்பாட்டக்காரர் குவான்சாவை வெளியே எடுத்தார், கொனாட்டே உள்ளே வந்தார். காயம் எதுவும் இல்லை, நேருக்கு நேர் மோதல்களில் பையன் அதிகமாகத் தோற்றான் என்பதுதான் காரணம், அதை மேட்ச் முடிந்ததும் மறைக்காமல் சொல்லவும் சொன்னார். இரண்டாம் பாதியில் ஜோட்டா ஒன்று, சாலா ஒன்று. புது வேலையில் சேர்ந்த முதல் நாள், நாற்பத்தைந்து நிமிஷத்தில் இப்படி ஒரு முடிவு எடுக்கிறவரை நாம் பாலிசி விற்கிறவர் என்றோம்! 27 ஏப்ரல் 2025 அன்று டாட்டன்ஹாமை 5-1 அடித்து, இன்னும் நான்கு மேட்ச் மீதியிருக்கும்போதே கோப்பை உறுதியாகிவிட்டது.

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். க்ளாப்புக்கும் முதல் சில வாரங்கள் அவ்வளவு இனிப்பாக இல்லை. 2015 அக்டோபரில் 'நான் நார்மலான ஆள்தான்' என்று அவர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, முதல் மேட்ச் டாட்டன்ஹாமோடு 0-0 ஆனது எத்தனை பேருக்கு ஞாபகம்? நவம்பரில் கிரிஸ்டல் பேலஸ் ஆன்ஃபீல்டிலேயே 82வது நிமிஷம் இரண்டாவது கோல் போட்டதும் ஜனங்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள், அந்த நேரத்தில் தனியாக நின்ற மாதிரி இருந்தது என்று அவரே சொன்னார். டிசம்பரில் வெஸ்ட் ப்ராமோடு கடைசி நேரத்தில் ஒரிகி கோல் போட்டு 2-2 ஆனபோது, ஆட்டக்காரர்கள் எல்லாரையும் கைகோத்து, தீவிர ரசிகர்கள் கூடுகிற கோப் ஸ்டாண்டுக்கு முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். ஒரு டிராவுக்கா இவ்வளவு என்று மற்ற க்ளப் ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த முதல் சீசனில் எட்டாவது இடம். 2019 சாம்பியன்ஸ் லீக், 2020 லீக் எல்லாம் அதற்கப்புறம். நாம் ஸ்லாட்டோடு ஒப்பிட்டது 2024 க்ளாப்பை. 2015 க்ளாப்பை எடுத்து ஒப்பிட்டிருந்தால் கொஞ்சம் பொறுமை வந்திருக்கும்.

● என் பையன் எஞ்சினியர். ஏதோ ஒரு க்ளப்பில் மேனேஜர் மாறினால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டேன் என்கிறான். எங்கள் பேங்கில் என் சர்வீஸில் பதினோரு மேனேஜர் மாறினார்கள், நான் ஒருநாள்கூடப் பட்டினி கிடந்ததில்லை. இந்த மேனேஜர் அப்படி என்ன செய்கிறார்?
- ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், மன்னார்குடி

அம்மா, உங்கள் பதினோரு பேரில் ஒருவராவது எட்டு பேரை உட்காரவைத்துவிட்டுப் பதினோரு பேரை மட்டும் கவுண்டருக்கு அனுப்பியிருந்தால் உங்களுக்கும் தூக்கம் போயிருக்கும். யார் ஆடுவது, எங்கே நிற்பது, எந்த நிமிஷம் மாற்றுவது என்பது அவர் வேலை. பழைய காலத்து இங்கிலீஷ் மேனேஜர் அதோடு நிற்கமாட்டார், யாரை வாங்குவது விற்பது, சின்னப் பையன்கள் அணி எப்படி வளர்கிறது, ஆட்டக்காரர் ராத்திரி எந்தக் கடையில் இருந்தார் வரைக்கும் அவர் கணக்குத்தான். இப்போது பெரிய க்ளப்புகளில் வாங்குகிற விற்கிற வேலையை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் ஸ்லாட்டுக்கு லிவர்பூல் வைத்த பதவியின் பெயர் மேனேஜர் இல்லை, ஹெட் கோச். ரசிகர்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை, தோற்றால் திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும், அது அவருடைய முகம்.

பையனுக்கு மூன்றாம் நாள் காலையில் சூடாக இட்லி வையுங்கள், பேசுவான்.

● வந்த அன்றைக்கே மிக மோசமான வரவேற்பு வாங்கியவர் யார்?
- வாசகர், விருதுநகர்

சந்தேகமே இல்லாமல் ரஃபா பெனிடெஸ், செல்சியில், நவம்பர் 2012.

அதே வருஷம் மே மாதம்தான் முந்தைய மேனேஜர் டி மாட்டியோ அந்த க்ளப்புக்கு முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்தார். ஆறு மாதத்தில் அவரை அனுப்பிவிட்டு, பல வருஷம் எதிரிப் பக்கம், லிவர்பூலில், உட்கார்ந்து செல்சி ரசிகர்களைச் சீண்டிக்கொண்டிருந்தவரைக் கொண்டுவந்து அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முதல் மேட்ச், மான்செஸ்டர் சிட்டி, அவர் வெளியே வந்த உடனே சொந்த மைதானமே 'பூஊ' (boo) என்று எதிர்ப்புக் கூச்சல் போட்டது. 16வது நிமிஷத்தில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள், டி மாட்டியோ அந்த க்ளப்பில் ஆடிய காலத்து சட்டை எண் 16. வந்தவரைத் திட்டுவது ஒரு பக்கம், போனவருக்குக் கைதட்டியே திட்டுவது இன்னும் ஒரு படி மேல்.

அந்த சீசன் முடிவில் அவர் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் ஜெயித்துக் கொடுத்தார், பென்ஃபிகாவை 2-1, கடைசி நேரத்தில் இவானோவிச் தலையால் முட்டிய கோல். கோப்பையை வாங்கிக்கொண்டார்கள், ஆளை வேண்டாம் என்றுவிட்டார்கள். முதல் அபிப்பிராயம் கடைசி வரை மாறாத கேஸ் இது. மாறவேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் நல்ல கோச்சா என்ற சந்தேகமே அங்கே யாருக்கும் வரவில்லை, பழைய பகை தீரவில்லை, அவ்வளவுதான்.

● செல்சிக்கு வந்த அன்று 'நான் ஸ்பெஷலான ஆள்' என்று மொரின்யோ சொன்ன 'ஸ்பெஷல் ஒன்' பேட்டி மாதிரி ஒரு முதல் பேட்டி வருமா?
- வாசகர், கரூர்

வந்தால் அதற்கப்புறம் 95 புள்ளியும் எடுக்கவேண்டும். அவர் 2004-05இல் எடுத்தார், 38 மேட்ச்சில் வாங்கிய கோல் வெறும் 15. எடுக்காதவர்கள் பேசிய பேட்டி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

● ஆர்சனல் க்ளப்புக்கு ஆர்சன் வெங்கர் மேனேஜராக வந்தபோது யாரென்றே தெரியாதாமே?
- வாசகி, நாகர்கோவில்

'ஆர்சன் யார்?' என்று லண்டன் பத்திரிகையே தலைப்புப் போட்டது. 1996. ஜப்பானில் நகோயா க்ராம்பஸ் எய்ட் அணியிலிருந்து வருகிறார், கண்ணாடி, ஒல்லியான உருவம், பார்த்தால் பிசிக்ஸ் வாத்தியார். அதற்கு முன்னால் மொனாக்கோவை ஃபிரெஞ்சு லீக் ஜெயிக்கவைத்தவர் என்பது லண்டனில் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போதென்றால் பெயர் அடிபட்ட ராத்திரியே அவர் மொனாக்கோவில் எப்படி கார்னர் எடுத்தார் வரைக்கும் வீடியோ வந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வெங்கர் ஜப்பான் வேலையை முடித்துவிட்டு வருவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. அதற்குள் அவர் சொல்லி வாங்கிய ஒரு பையன் லண்டன் வந்து சேர்ந்துவிட்டான். செப்டம்பரில் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயோடு ஆர்சனல் பின்தங்கி இருந்தபோது அந்த இருபது வயது நெட்டைப் பையன் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தான், ஆட்டமே வேறு மாதிரி ஆகி 4-1. பேட்ரிக் வியேரா. ஆர்சனலின் ஹைபரி மைதானத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேனேஜரைப் பற்றிய முதல் அபிப்பிராயம் மேனேஜரைப் பார்க்காமலேயே கிடைத்துவிட்டது. வெங்கரின் முதல் மேட்ச் அக்டோபர் 12, பிளாக்பர்னில், 2-0, இரண்டும் இயன் ரைட். அடுத்த முழு சீசனில் லீக், இங்கிலாந்தின் நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை இரண்டும்.

அதனால் யாராவது புதிதாக வந்தால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், முதலில் யாரைக் கேட்கிறார் என்று பாருங்கள். அதிலேயே ஆள் பாதி தெரிந்துவிடும்.

● புது மேனேஜர் வந்ததும் டீம் திடீரென்று ஜெயிக்க ஆரம்பிக்கிறதே, அது நிஜமா மாயமா?
- வாசகர், ஈரோடு

இரண்டும் கலந்தது, மாயம் கொஞ்சம் தூக்கல்.

ஒரு மேனேஜரை எப்போது அனுப்புவார்கள்? எல்லாம் கெட்டுப்போய் இனி கீழே போக இடமில்லை என்கிறபோது. அந்த மோசமான காலத்தில் பாதி திறமையின்மை என்றால் மீதி துரதிர்ஷ்டம், போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்து, காயம், ரெஃப்ரி. துரதிர்ஷ்டம் ஒரு கட்டத்தில் தானாகவே சரியாகும், பழைய ஆளே இருந்திருந்தாலும் ஆகியிருக்கும். காய்ச்சல் இறங்குகிற அன்று வந்த டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர் கிடைப்பது போலத்தான். இதோடு பெஞ்சில் உட்கார்ந்து கசந்துபோன ஆட்டக்காரர்கள் புது ஆள் கண்ணில் படவேண்டும் என்று ஒரு மாதம் நாய் மாதிரி ஓடுவார்கள், அது நிஜம்.

சோல்ஷாரைப் பாருங்கள். 2018 டிசம்பரில் மொரின்யோவை அனுப்பிவிட்டு மான்செஸ்டர் யுனைட்டட் சோல்ஷாரைத் தற்காலிக மேனேஜராக உட்காரவைத்தது. முதல் மேட்ச் கார்டிஃப், 5-1. பழைய மேனேஜர் ஃபெர்குசனின் கடைசி மேட்ச்சுக்கு அப்புறம் யுனைட்டட் லீக்கில் ஐந்து கோல் போட்டதே அன்றுதான், ரசிகர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வராமல் என்ன செய்யும். தொடர்ந்து எட்டு வெற்றி, மார்ச்சில் பாரிஸில் போய் பி.எஸ்.ஜி.யை 3-1, அந்த மாதக் கடைசியிலேயே நிரந்தர வேலை. அந்தச் சமயம் யுனைட்டட் ரசிகர் யாராவது 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லியிருந்தால் அவரை வீட்டை விட்டே துரத்தியிருப்பார்கள்.

சோல்ஷாரின் முதல் இரண்டு மேட்ச் கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்ட். இரண்டு அணியும் அந்த சீசனிலேயே கீழ் டிவிஷனுக்கு இறங்கின. சீசனின் கடைசி இரண்டு மேட்ச்சும் அதே இரண்டு அணிகளோடுதான் விழுந்தது. ஹடர்ஸ்ஃபீல்டோடு 1-1, கார்டிஃபோடு சொந்த மைதானத்தில் 0-2. அதே எதிரி, கிட்டத்தட்ட அதே ஆட்டக்காரர்கள், நடுவில் நாலரை மாதம். அவரைக் கெட்ட மேனேஜர் என்று சொல்லவில்லை, அடுத்த முழு சீசனில் மூன்றாவது இடம் வரை கொண்டுவந்தார். ஆனால் வேலையை உறுதி செய்தது அந்த எட்டு வெற்றிகள்தான்.

● டேவிட் மோயஸை ஏன் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள்? பாவம்.
- வாசகி, தஞ்சாவூர்

பாவம்தான். மான்செஸ்டர் யுனைட்டடில் 26 வருஷம் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் 2013 மே மாதம் ஓய்வு அறிவித்த மறுநாளே அவர் பெயர் வந்தது, ஆறு வருஷ ஒப்பந்தம். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் ஸ்டாண்டில் அவர் படம் போட்டு பேனர் கட்டினார்கள். அதில் இருந்த பாராட்டு மோயஸுக்கா? எனக்கென்னவோ தேர்ந்தெடுத்தவருக்குத்தான் என்று படுகிறது. பெரியவர் பார்த்து வைத்த மாப்பிள்ளை, தப்பாக இருக்கமாட்டார் என்கிற நம்பிக்கை. மார்ச்சில் 'தப்பான ஆள், மோயஸ் வெளியே போ' என்று விமானத்தில் பேனர் பறந்தது, அன்றைக்கு மேட்ச்சில் யுனைட்டட் 4-1 என்று ஜெயித்தது வேறு கதை. ஏப்ரலில் அனுப்பிவிட்டார்கள், பத்து மாதம்.

பின்னால் வெஸ்ட் ஹாமுக்கு 2023இல் ஐரோப்பியக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். அங்கேயும் அவர் வந்தபோது யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

● எல்லாம் இங்கிலாந்துக் கதையாகவே இருக்கிறது. நம்ம சென்னையின் எஃப்.சி.யில் புது கோச்சுக்கு அவகாசம் கொடுக்கிறோமா?
- வாசகர், பெரியமேடு, சென்னை

நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியாததா. 2017 நவம்பர், ஜான் கிரகரியின் முதல் மேட்ச், எஃப்.சி. கோவாவோடு. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியாயிற்று. இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா மேனேஜராக இருந்த மனிதராமே, இதற்கா என்கிற முணுமுணுப்பு. இரண்டாம் பாதியில் இரண்டு கோல் திருப்பிப் போட்டு 2-3 என்று தோற்றார்கள். அந்த இரண்டாம் பாதிதான் அந்த வருஷத்து சென்னை அணி என்பது பின்னால்தான் புரிந்தது. மார்ச்சில் பெங்களூருக்கே போய் ஃபைனலில் 3-2 என்று ஜெயித்தார்கள். அதே கிரகரி, அடுத்த சீசனில் அட்டவணையில் கடைசி. அதற்கடுத்த சீசன் பாதியில் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு ஓவன் காயில் வந்தபோது யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை, அதுவே அவருக்கு வசதியாகப் போயிற்று. கிடைத்த பாதி சீசனில் ஃபைனல் வரை கொண்டுபோனார், அங்கே கொல்கத்தா அணியான ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி, கொரோனா காரணமாகக் காலி மைதானத்தில். 2023இல் மறுபடி வந்தபோதோ 'நம்ம ஆள் வந்துட்டாரு' வரவேற்பு. அந்த முறை ஆறாவது இடம் பிடித்து பிளே ஆஃப் வரை போனார்கள். மோசம் என்று சொல்லமுடியாது, ஆனால் ரசிகர்கள் மனசில் 2020 ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் புளித்தது. போனவரும் வந்தவரும் ஒரே ஆளாக இருந்தாலும் ஒப்பீடு விடுவதில்லை.

● ஃபெர்குசன் இன்றைக்கு வந்தால் தாக்குப்பிடிப்பாரா?
- வாசகர், தூத்துக்குடி

1986 நவம்பரில் யுனைட்டடுக்கு வந்தார், அப்போது அணி கடைசிக்கு முந்தின இடம். முதல் மேட்ச் ஆக்ஸ்ஃபோர்ட் யுனைட்டடிடம் 2-0 தோல்வி. 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1. அந்த டிசம்பரில் ஒரு ரசிகர் பெட்ஷீட்டில் 'மூன்று வருஷமாகச் சாக்கு, போய்ட்டு வா ஃபெர்கி' என்கிற ரீதியில் எழுதிக்கொண்டுவந்து சொந்த மைதானத்தில் தூக்கிப் பிடித்தார். அடுத்த மாதம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு எஃப்.ஏ. கோப்பை மேட்ச், மார்க் ராபின்ஸ் கோல், 1-0, அந்த வருஷம் கோப்பையும் வந்தது. லீக் வருவதற்கு 1993 வரை காத்திருந்தார்கள்.

இன்றைக்கென்றால்? பெட்ஷீட் வரைக்கும் போகவே விட்டிருக்கமாட்டார்கள். அதைவிட, அந்தப் பெட்ஷீட் பிடித்தவர் அன்றைக்கு எழுதியது தப்பில்லை என்பதுதான் என் கட்சி. மூன்று வருஷம் காசு கொடுத்து மழையில் நின்று பார்த்தவர், அதுவரை பார்த்ததை எழுதினார். வரப்போகிற பதின்மூன்று லீக் கோப்பையும் அவருக்கு எப்படித் தெரியும்?

● சரி, உங்களையே ஒரு க்ளப்புக்கு மேனேஜராகப் போட்டால் முதல் நாள் என்ன பேசுவீர்கள்?
- அதே திண்டுக்கல் மாணவர், இரண்டாவது கடிதம்

ஸ்லாட் மாதிரி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் போவேன். உட்கார்ந்து, மைக்கைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காது, போனவரைப் பற்றி ஏதாவது உளறிவிடுவேன். சனிக்கிழமை ஆக்ஸ்ஃபோர்டில் 2-0 தோற்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பெட்ஷீட் உங்கள் ஹாஸ்டலிலிருந்துதான் வரும், எனக்குத் தெரியும்.